பிளேயர் தோற்பாரா என்று கேட்டிருந்தீர்கள்

லண்டன்
29.04.2005

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நீங்களும் பெரியம்மாவும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். ஏப்ரல் முடியப் போகிறது, இன்னும் குளிர்ச் சட்டையைக் கழற்ற முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரே வருகிறேன். லட்சக்கணக்கில் சனம் தெருவில் இறங்கி எதிர்த்த ஈராக் யுத்தம், தேடிப்போன ஆயுதமும் அகப்படவில்லை, பிறகு எந்த முகத்தோடு பிரித்தானியப் பிரதமர் பிளேயர் வருகிற வியாழக்கிழமைப் பொதுத்தேர்தலில் வெல்லப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். வெல்லத்தான் போகிறார். அடியும் விழும். ஆனால் ஆளைச் சாய்க்கிற அடியாக இராது.

இங்கே கட்சியின் வாக்குக்கு ஏற்ப ஆசனம் பிரிக்கிற விகிதாசாரமும் இல்லை, வேட்பாளரை இலக்கத்தால் தெரிகிற விருப்பு இலக்கமும் இல்லை. இலங்கையில் எங்களுடைய 1977ஆம் ஆண்டு முறைதான்: தொகுதிக்கு ஒருவர், கூட வாக்கு எடுத்தவர் எம்.பி. அந்த முறை என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்கோடு 168இல் 140 ஆசனத்தை அள்ளியதே! 2001இல் பிளேயரின் தொழிற்கட்சி எடுத்தது 40.7 சதவீதம்தான், பெரும்பான்மையோ மற்ற எல்லோரையும் விட 167 ஆசனம் கூட. இந்த முறை தொகுதிகள் 646.

ஒரு தொகுதியை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொழிற்கட்சி 20,000, எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் 15,000, மூன்றாவது கட்சியான லிபரல் டெமோகிராட் 6,000 என்று வைப்போம். யுத்தக் கோபத்தில் 3,000 பேர் தொழிற்கட்சியை விட்டு லிபரலுக்குப் போனாலும் 17,000க்கு 15,000. பிளேயரின் ஆள்தான் எம்.பி. கோபம் இரட்டித்து 6,000 பேர் போனால் 14,000, 15,000, 12,000. வெல்வது கன்சர்வேட்டிவ். அவர்களும் யுத்தத்துக்குக் கை தூக்கியவர்கள்தானே! 2003 மார்ச் 18 இரவு பாராளுமன்றத்தில் தொழிற்கட்சியின் 139 எம்.பிக்கள் சொந்த அரசை எதிர்த்து வாக்களித்தார்கள். அரசைத் தாங்கிப் பிடித்தது எதிர்க்கட்சி. ஆகவே கோபக்காரனுக்குப் போக இடம் யுத்தத்தை எதிர்த்த மூன்றாவது கட்சி ஒன்றுதான். "லிபரலுக்குப் போட்டால் கன்சர்வேட்டிவ் வந்துவிடும்" என்று தொழிற்கட்சிக்காரர் வாசல் வாசலாகப் பயம் காட்டுவதும் இதை வைத்துத்தான்.

இடைத்தேர்தல் என்றால் அந்தப் பயம் எடுபடாது. அரசு மாறாதல்லவா, கோபத்தை முழுதாகக் கொட்டலாம். 2003 செப்டெம்பரில் பிரென்ட் ஈஸ்ட் தொகுதியில் 13,000க்கு மேற்பட்ட பெரும்பான்மையை உடைத்துக்கொண்டு லிபரலின் சாரா டீதர் வந்தார். போன வருடம் ஜூலையில் லெஸ்டர் சவுத்தும் லிபரலிடம் போயிற்று. அதே நாளில் பேர்மிங்காம் ஹொட்ஜ் ஹில் 460 வாக்கில் தப்பியது. இவற்றை வைத்துப் பொதுத்தேர்தலுக்குச் சாத்திரம் சொல்லக் கூடாது.

போன வருடம் மற்ற நாடுகளில் நடந்ததையும் பாருங்கள். ஸ்பெயினில் மார்ச் 11 குண்டுகள் வெடித்து மூன்றே நாளில், யுத்தத்தை ஆதரித்த பிரதமர் அஸ்னாரின் கட்சி போய்விட்டது. அங்கே பெரிய எதிர்க்கட்சியே யுத்தத்துக்கு எதிர்ப்பு, வென்றதும் படையைத் திருப்பி அழைத்தது. அமெரிக்காவில் புஷ்ஷை எதிர்த்து நின்ற கெரி யுத்த அதிகாரத்துக்கு முதலே வாக்களித்தவர், பிறகு எதிர்த்துப் பேசியது எடுபடவில்லை. அவுஸ்திரேலியாவில் எதிர்க்கட்சி கிறிஸ்மஸுக்குள் படையைக் கூப்பிடுவோம் என்றது. பிரதமர் ஹோவர்ட் வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசிக் கூடுதல் ஆசனத்தோடு திரும்பி வந்தார். இங்கேயும் வீட்டுக்கடன் கட்டுகிறவன் மாதக்கடைசியில் பார்ப்பது வட்டியைத்தான், பாக்தாத்தை அல்ல.

கொழும்பில் யுத்தம் வாசலுக்கு வந்தது. சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, 2001இல் கட்டுநாயக்கா விமான நிலையத் தாக்குதல், அந்த வருட மின்வெட்டு, விலைவாசி. அதற்கு முன்பே, 1994 ஜனாதிபதித் தேர்தலில், சமாதானம் என்ற ஒரு சொல்லுக்குச் சந்திரிகாவுக்கு 62 சதவீதம் விழுந்தது. இங்கே யுத்தம் தொலைக்காட்சியில் நடக்கிறது. கட்டாயப் படைச்சேர்ப்பு கிடையாது, இறந்த பிரித்தானியப் படையினர் இன்னும் நூறைத் தொடவில்லை. யுத்தத்தை விட, பொய் சொன்னாரா என்பதுதான் பேச்சு. நேற்றுத்தான், யுத்தம் சட்டப்படி சரியா என்பது பற்றி அரசின் சட்ட ஆலோசகரான சட்டமா அதிபர் கொடுத்த 2003 மார்ச் 7 ஆலோசனையை முழுமையாக வெளியிட்டார்கள். ஐ.நாவின் இன்னொரு தீர்மானம் எடுப்பதே பாதுகாப்பான வழி என்று அதில் இருக்கிறது. பத்து நாள் கழித்துப் பாராளுமன்றத்துக்குக் கொடுத்த பதிலில் அந்தத் தயக்கத்தைக் காணோம்.

கட்சிக்காரர் வாக்குக் கேட்கும் விதத்தைச் சொன்னால் யுத்தம் எங்கே கடிக்கிறது என்பது விளங்கும். வாக்காளர் இடாப்பைத் தெரு வாரியாக அச்சடித்து, அட்டையில் செருகிக்கொண்டு வருவார்கள். வாசலில் ஒரு நிமிடம், ஒரு கேள்வி: இம்முறையும் எங்களுக்குத்தானா? பதிலைப் பார்த்துப் பெயருக்கு நேரே ஓர் எழுத்து: எங்கள் ஆள், மற்றவன், சந்தேகம். வாக்களிப்பு நாளில் சாவடி வாசலில் கட்சி நிறப் பூக் குத்திய ஒருவர் கதிரை போட்டு இருந்து, வருகிறவர்களின் இடாப்பு இலக்கத்தைக் கேட்டு எழுதுவார். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தத் தாள் கட்சி அறைக்குப் போகும். வந்தவர்களை வெட்டிவிட்டு, "எங்கள் ஆள்" என்றிருந்தும் வராதவர்களின் கதவைப் பின்னேரம் போய்த் தட்டுவார்கள்.

இதில் பிழை வருவது இரண்டு இடத்தில். நடக்கிற ஆளே குறைவு: 1997இல் நாலு லட்சமாக இருந்த தொழிற்கட்சி அங்கத்தவர் இப்போது பாதியளவு. எல்லோரும் யுத்தத்தால் போகவில்லை, ஆனாலும் மழையில் நடந்து துண்டுப்பிரசுரம் போட்டவர்கள்தான் முதலில் போனார்கள். மற்றது, வாசலில் மரியாதைக்கு "ஓம்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுகிறவன். கட்சி மாறுகிறவனை விட இவன் ஆபத்து, ஏனென்றால் கட்சியின் தாளில் இவன் இன்னும் "எங்கள் ஆள்".

எங்கள் நாட்டு ஆட்களுக்கும் இங்கே வாக்கு உண்டு. பொதுநலவாய நாட்டவர் என்பதால் விசா சரியாக இருந்து இடாப்பில் பெயரும் இருந்தால் இலங்கைப் பாஸ்போட்டே போதும். காலை 7 முதல் இரவு 10 வரை, பென்சிலால் ஒரு புள்ளடி (X), விரலில் மை இல்லை, இந்த 2005 தேர்தலில் அடையாள அட்டையும் கேட்கமாட்டார்கள். இது தெரியாமல் பதியாமலே விட்டவர்கள் கனபேர்.

நீங்கள் வானொலியில் கேட்பதானால், இங்கே சாவடி மூடும்போது கொழும்பில் வெள்ளி விடிய 3 மணி. முதல் முடிவு வழக்கம்போல் சண்டர்லாந்திலிருந்து வரும். அது பாதுகாப்பான தொகுதி, அதில் வாக்குக் குறைந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள். லண்டனில் ஹோர்ன்சி வுட்கிரீனைப் பாருங்கள்: படித்த சனம், லிபரல் இரண்டாமிடம், தொழிற்கட்சியின் பத்தாயிரம் பெரும்பான்மையும் போதாமல் போகலாம். பெத்னல் கிரீனில் தொழிற்கட்சி எம்.பி. ஓனா கிங்கை எதிர்த்து, யுத்தத்தை எதிர்த்ததால் அதே கட்சியால் விலக்கப்பட்ட ஜோர்ஜ் கலவே நிற்கிறார். வங்காளதேச முஸ்லிம்கள் நிறைந்த தொகுதி. ஓனா கிங் சில நூறு வாக்கில் தப்புவார் என்பது என் எண்ணம். தொழிற்கட்சியின் மொத்தப் பெரும்பான்மை 90 ஆசன அளவில் நிற்கும்.

கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். எத்தனையில் பிழைவிட்டேன் என்று பதிலில் எழுதுங்கள்.

அன்பு மகன்