மல்ச்சிங் ஷீட் அண்ணாச்சிக்கும், கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

வேளாண் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. முதல் நாள் காலை நம் கலை அரங்கு நுழைவாயில் ஓரத்தில், இருட்டுக் கூடாரம்கூட இல்லாமல் ஒதுக்கப்பட்டது இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். அதைத் திரும்பக் கிளற வேண்டாம். சொல்ல வேண்டிய நன்றியைத் தள்ளிப்போடக் கூடாது என்றுதான் களைப்பு தீரும் முன்னே எழுதுகிறேன்.

பறையும் கரகமும் வெட்டவெளியில்கூட நடந்துவிடும். தோல்பாவைக்கூத்து அப்படி இல்லை. ஆட்டுத்தோலைச் சுத்தம் செய்து, வெளிச்சம் ஊடுருவும்படி பதப்படுத்திச் சாயம் தீட்டிய பாவைகள் அவை. திரைக்குப் பின்னால் விளக்கும், பார்க்கிறவர்கள் பக்கம் இருட்டும் இருந்தால்தான் ராமனுக்கு நிறம் வரும். நமக்குக் கிடைத்ததோ பட்டப்பகலில் ஒரு தகரக் கூரை, சுற்றிலும் வெயில். கூத்துக்காரர் பாவைப் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

எதிர் ஸ்டாலில் மல்ச்சிங் ஷீட் (களை முளைக்காமல் இருக்க மண் மேல் விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு) விற்றுக்கொண்டிருந்த அண்ணாச்சி வந்து என்ன சங்கதி என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் கடையிலிருந்து ஒரு புது ரோலைத் தூக்கி வந்தார். "இதுக்கு அடியில களையே முளைக்காது. வெளிச்சமா வந்துரப் போவுது?" என்றார். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளியுமாக இருக்குமே, அந்த ஷீட். "வெள்ளிப் பக்கம் வெளிய இருக்கட்டும், உள்ள சூடு ஏறாது" என்று சொல்லி, தன் கடைப் பையனோடு சேர்ந்து இரண்டு மடிப்பாக அவரே சுற்றிக் கட்டிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார்.

அதோடு விடவில்லை. சொட்டுநீருக்கு விலை கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "அங்க பாவைக்கூத்து நடக்கு, பார்த்துட்டு வாங்க, விலை எங்கயும் ஓடாது" என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். நாங்கள் அச்சடித்த நோட்டீஸை வாங்கி மடித்துப் பையில் வைத்தவர்கள், அவர் சொன்னதும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சக விவசாயி போலப் பேசுகிற ஒருவர் சொன்னால் அதற்கு வருகிற மதிப்பு தனிதான்.

கூத்துக்காரரும் சும்மா இருப்பாரா? பாவைக்கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அன்றைக்கு ராமாயணத்துக்கு நடுவே மல்ச்சிங் ஷீட் விலைக்குப் பேரம் பேசினார்கள். கூடாரமே அதிர்ந்தது. மழைக்காகக் கூத்து வைத்த ஊர்களைப் பற்றிப் பெரியவர் ஒருவர் கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம், மின் இணைப்பை மாற்றித் தந்த பணியாளர்கள், ஒலிபெருக்கியைத் தணித்துக்கொண்ட டிராக்டர் ஸ்டால்காரர்கள், பாய் விரித்து இடம் ஒழுங்குபடுத்திய கல்லூரிப் பிள்ளைகள், சோறு கொண்டுவந்த மகளிர் குழுவினர், கேட்டதும் நேரத்தை மாற்றித் தந்த வேளாண் அலுவலர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. பறைக் குழுவுக்கும் கரகாட்டக் கலைஞர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடுத்த முறை கலை அரங்கை நுழைவாயில் ஓரத்தில் ஒதுக்க விடமாட்டோம். விதைக்கும் உரத்துக்கும் நடுவில், சனம் நடமாடுகிற இடத்தில் கேட்டு வாங்குவோம். பாவைக்கூத்துக்கு இருட்டுக் கூடாரம் உறுதியான பிறகே கலைஞர்களை அழைப்போம், முன்பணத்தோடு. இந்த வருசம் உங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் கூத்து வைக்க நினைப்பவர்கள் எங்களிடம் சொல்லுங்கள். கூத்துக்காரர் குடும்பத்தோடு நாங்களே பேசி ஏற்பாடு செய்கிறோம்.