நிவாரணப் பணியில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பகலெல்லாம் முகாமில் நின்றுவிட்டு, இரவில் நன்கொடையாளர்களுக்கு அறிக்கை எழுதுவதிலேயே நேரம் கழிகிறது, இதற்காகவா இந்த வேலைக்கு வந்தேன் என்று கேட்டிருக்கிறாய். நிவாரணப் பணியில், ஊட்டச்சத்துப் பிரிவிலேயே என் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒரே செய்தியை மூன்று நன்கொடையாளர்களுக்கு மூன்று படிவங்களில் எழுதச் சொல்வது வீண் வேலைதான். கூடாரத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைக் குடிநீருக்கு எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை அதைவிடக் கொடியது. ஆனால் அறிக்கையையே வெறுத்துவிடாதே. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், ஒரு குழாய்க்கு அதிகபட்சம் 250 பேர், ஒரு கழிப்பறைக்கு 20 பேர் என்று நீங்கள் இன்று சுட்டிக்காட்டும், நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின் அளவுகள் எங்கிருந்து வந்தன என்று நினைத்துப் பார். 1994-இல் இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் கோமா நகரில் ருவாண்டா அகதிகள் காலராவில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். உதவ வந்த நிறுவனங்களுக்குக் குறைவில்லை. எது போதும், எது போதாது என்று சொல்லப் பொதுவான அளவுகோல்தான் இல்லை. அதற்குப் பிறகே, 1997-இல், தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் கூடி அந்த அளவுகோலை வகுக்கும் வேலையைத் தொடங்கின. ஆகவே உங்கள் முகாமில் ஆளுக்கு ஒன்பது லிட்டர்தான் கிடைக்கிறது என்றால், அதைச் ‘சில சவால்கள்’ என்ற தலைப்பின் கீழ் மழுப்பாமல், 15 லிட்டருக்குப் பதில் 9 லிட்டர் என்று முதல் பக்கத்திலேயே எழுது. குழாயடியில் வரிசையில் நிற்கும் பெண்ணின் முறையீடு பணம் கொடுப்பவரிடம் போய்ச் சேர உன் அறிக்கையைத் தவிர வேறு வழி இல்லை.

என்னை அதிகம் வாட்டியது வேறொன்று. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மெலிவை அளக்க மேற்கையின் நடுவில் சுற்றும் மூவண்ண நாடாவை நீயும் பார்த்திருப்பாய்: 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 125 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. நிதி வெட்டப்பட்டு, மஞ்சள் நிலைக் குழந்தைகளுக்கான துணை உணவு நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், 117 காட்டிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்து வந்த ஒரு தாயிடம், பிள்ளை இன்னும் மெலிந்தால்தான் சேர்த்துக்கொள்ள முடியும் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. நாடாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள் என்று அவள் கேட்டாள். அந்த விதியை வகுத்தவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். இருப்பில் இருந்த சத்துணவுப் பொட்டலங்கள் சிவப்பு நிலைக் குழந்தைகளுக்கே போதவில்லை. ஆனாலும் அந்த வேதனைக்கு நீ பழகிவிடக் கூடாது.

நிறைவும் எனக்கு அங்கேதான் கிடைத்தது. கடும் ஊட்டச்சத்துக் குறைவு என்றால், மருத்துவமனையில் வாரக்கணக்கில் வைத்துப் பால் புகட்டுவதே முன்பு வழி. தாய் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு உடனிருக்க வேண்டும். அதை மாற்றியது அந்தச் சத்துணவுப் பொட்டலம்தான். நிலக்கடலை, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், நுண்சத்துகள் சேர்ந்த 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி இருக்கிறது; தண்ணீர் கலக்க வேண்டியதில்லை, வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்கு வீட்டிலேயே கொடுக்கலாம். முதலில் சோர்வாக நக்கிய குழந்தை, சில வாரங்கள் கழித்து, எடை பார்க்கும் ஊழியரின் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதன் தாய் நின்று நன்றி சொல்லவில்லை; வீட்டு வேலை கிடந்ததால் அவசரமாகக் கிளம்பிவிட்டாள். பிழைக்க வேண்டிய உணவைப் பெறுவது அவர்கள் உரிமை, அதற்கு நன்றியை எதிர்பார்க்காதே. நன்றி சொல்லும் முகத்தைப் படமெடுத்து அனுப்பு என்று எவரேனும் கேட்டால், தாயின் சம்மதமின்றி முடியாது என்று மறுத்துவிடு.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் அம்மாவின் சொல்லைக் கேள். 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத் ஐ.நா. அலுவலகக் குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்தார்கள். அதன் நினைவாகவே அந்த நாள் உலக மனிதநேய தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பாதுகாப்பு அதிகாரி திரும்பச் சொன்னால், வேலை பாதியில் கிடந்தாலும் திரும்பிவிடு. உள்ளூர் ஊழியர்களுக்கும் வண்டியில் இடம் இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள். இந்தப் பணியில் உயிரிழப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம். உனக்குச் சேர வேண்டிய ஓய்வு விடுப்பையும் தள்ளிப்போடாதே. தண்ணீர் பற்றிய அறிக்கைக்கு என்ன பதில் வந்தது என்று எழுது.

அன்புடன்,
அம்மா