அரைக் கட்டை ஏறிய ஆல்ஃபி

சுங்கை சிப்புட், பேராக்
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு இசைத் துண்டும் வந்து சேர்ந்தன. ஒன்று சோனி ரோலின்ஸ் சாக்ஸஃபோன் வாசித்த 'ஆல்ஃபி' பட டிவிடியில் இருந்து எடுத்தது, மற்றது நீ சிங்கப்பூரில் வாங்கிய, அதே இசைக்கு இம்பல்ஸ் நிறுவனம் விட்ட இசைத்தட்டில் இருந்து எடுத்தது. மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். "சுருதியே வேறம்மா, வெளிவராத டேக்காகத்தான் (ஒரே உருப்படியை வேறொரு முறை வாசித்துப் பதிந்ததாகத்தான்) இருக்கும்" என்று எழுதியிருக்கிறாய். பாதிதான் சரி. சுருதி வித்தியாசம் பொய், வாசிப்பு வித்தியாசம் நிஜம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, 'அரிய பதிவு' என்று கடைக்காரர் நீட்டும் இன்னும் இரண்டு தட்டுக்கும் காசு எண்ணப் பார்க்கிறாய். கொஞ்சம் பொறு.

முதலில் சுருதியைப் பார். படச்சுருள் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும். நம் பக்கத்து டிவிடிகள் பெரும்பாலும் பால் (PAL) முறை. (மரத்துப் பால் இல்லை, டிவிக்காரர்களின் பால்.) அதில் நொடிக்கு 25 சட்டம். 24-ஐ 25 ஆக ஓட்டினால் வேகம் 4.17 விழுக்காடு கூடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். சத்தமும் கூடவே ஓடுவதால் சுருதி அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். 440 ஹெர்ட்ஸ் 458-ல் போய் நிற்கும். சோனி ரோலின்ஸின் கனத்த டெனர் சாக்ஸஃபோன் மெலிந்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் ஊதுவதுபோல் கேட்கிறதே, அது இதனால்தான்.

ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் திறந்து வேகத்தை 0.96 மடங்காக்கு. தாளத்தை மட்டும் குறைக்கும் கட்டளையும் வேண்டாம், சுருதியை மட்டும் குறைக்கும் கட்டளையும் வேண்டாம். இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது: சில வட்டுகளில் சுருதியை மட்டும் சரிசெய்துவிட்டு வேகத்தை அப்படியே விட்டிருப்பார்கள். அதற்கும் 0.96 போட்டால் சுருதி தேவையில்லாமல் இறங்கிவிடும். அதனால் படத்தின் நீளம், பியானோவின் சுருதி இரண்டையும் பார்த்துவிட்டுக் கை வை.

அடுத்தது உன் தட்டுச்சுற்றி. பழையது வாங்கினேன் என்றாய். அடியில் 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா பார். அமெரிக்காவுக்குச் செய்த, மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்து வேகம் மாறும் மோட்டார் என்றால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். மின்மாற்றி வைத்தாலும் திருந்தாது, அது வோல்ட்டைத்தான் மாற்றும். உள்ளே இருக்கும் கப்பியை மாற்ற வேண்டும். அது சரியாக இருந்தாலும் வேகம் அளக்கும் கோட்டுத்தாளைத் தட்டுச்சுற்றியில் வைத்து விளக்கடியில் சுற்றவிட்டுப் பார்த்துவிடு, கோடு அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி. 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடு உள்ள தாள் வேண்டும். 216 கோடு போட்டது 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு. பழைய குண்டு பல்போ, சோக்கு வைத்த குழல் விளக்கோ போதும். மின்சாரத்தோடு சேர்ந்து அவற்றின் வெளிச்சம் துடிக்கும். எல்இடி பல்புகள் பலவற்றில் அந்தத் துடிப்பு இருக்காது, கோடு நிற்கவே நிற்காது. ஊசியை ஒரு தட்டின் மேல் வைத்தபடியே பார், ஊசி இழுக்கும் இழுவையும் சேர வேண்டும். சுற்றும் திசையில் கோடு முன்னே நகர்ந்தால் வேகம் அதிகம்.

இதை அற்பமாக நினைக்காதே. ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டின் முதல் பக்கம் உனக்கே மனப்பாடம். 1959 மார்ச் 2 அன்று ஒலிப்பதிவுக் கருவி கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. அதனால் தட்டில் அந்த மூன்று உருப்படியும் சுருதி ஏறித்தான் வந்தன. 1992-ல்தான் இன்னொரு கருவியில் பதிந்த நாடாவை எடுத்துத் திருத்தினார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் உலகமே ஏறிய சுருதியில் கூடவே வாசித்துப் பழகியது!

இனி நிஜமான வித்தியாசத்துக்கு வருகிறேன். 1966-ல் வந்த அந்தப் படத்துக்கு ரோலின்ஸ் இங்கிலாந்தில், ஸ்டான் ட்ரேசி முதலான அங்குள்ள கலைஞர்களை வைத்துக்கொண்டு வாசித்தார். உன் கையில் இருக்கும் தட்டு 1966 ஜனவரியில் அமெரிக்காவில் ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் ஸ்டூடியோவில் திரும்பப் பதிந்தது. வாத்திய அமைப்பு ஆலிவர் நெல்சன், கித்தார் கென்னி பரெல். உறையில் படத்தின் இசை என்று போட்டிருப்பதில் பொய் இல்லை. இசை அதுதான், பதிவு அதுவல்ல. ஆகவே நீ கண்டுபிடித்தது வெளிவராத டேக் அல்ல, வேறு ஊரில் வேறு ஆட்கள் வாசித்தது. பெர்ட் பக்கராக்கின் 'ஆல்ஃபி' பாட்டு அந்தத் தட்டில் இல்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். இருக்காது, அது தனிப் பாட்டு.

ஒரே பதிவா என்று சோதிக்க மெட்டைக் கேட்டுப் பயனில்லை. ராகம் ஒன்றாக இருந்தாலும் கற்பனைஸ்வரம் கச்சேரிக்குக் கச்சேரி மாறுகிற மாதிரி, இங்கே மாறுவது தனி வாசிப்புதான். அதனால் மெட்டு முடிந்து அது ஆரம்பிக்கும் முதல் எட்டு பாரைப் (நாலு நாலு அடியாக எண்ணும் தாளக் கட்டத்தை) பிடி. மூச்சு எங்கே எடுக்கிறார், சிம்பல் எந்த அடியில் விழுகிறது என்று எழுதிக்கொள். பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 48 அடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் 24 நொடி. படத்தில் 17-வது நொடியிலேயே சுற்று முடிந்தால் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். படத்தொகுப்பாளருக்குக் காட்சிதான் முக்கியம். படத்தின் ஒலி மங்கலாக இருப்பதையும் கணக்கில் எடுக்காதே. அந்தக் காலத்தில் படச்சுருளின் ஓரத்தில் ஒளியாகப் பதிந்த ஒலித்தடத்தைத் தியேட்டரில் போடும்போது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் கேட்காது.

கடைக்காரர் சொல்லும் மற்ற இரண்டையும் பார்ப்போம். ரோஜே வாதிமின் 'லே லியேசோன் தாஞ்சரஸ்' படத்துக்கு அந்தக் காலத்தில் வந்த தட்டில் இருப்பவர் ட்ரம்ஸ்காரர் ஆர்ட் பிளேக்கி. படத்தில் கேட்கும் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் அதில் கிடையாது. மங்க் 1959 ஜூலை 27 அன்று நியூயார்க்கில் வாசித்தது 2017-ல்தான் தட்டாக வந்தது. மங்க்குக்காக அந்தப் பழைய தட்டை வாங்காதே, பிளேக்கிக்காக வாங்கினால் நல்ல தட்டு. மைல்ஸ் டேவிஸ் 1957 டிசம்பரில் பாரிஸில் லூயி மாலின் படத்துக்குக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே வாசித்ததை, அமெரிக்காவில் 'ஜாஸ் ட்ராக்' என்று விட்டார்கள். அதில் ஒரு பக்கம்தான் படம். மறுபக்கம் 1958 மே மாதம் சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோடு வாசித்தது, படத்துக்குச் சம்பந்தமே இல்லை. பாரிஸ் பதிவுக்கு எதிரொலி பின்னால் சேர்த்தது. சேர்க்காத டேக்குகள் 1988 சிடியில் இருக்கின்றன, அதைத் தேடு. என் காதுக்கு எதிரொலி இல்லாததுதான் ருசி, ஆனால் படத்துக்கு அது பொருந்தாது.

நிஜமாகவே 'வெளிவராதது' வேண்டுமென்றால் கோல்ட்ரேனின் 'ப்ளூ வேர்ல்ட்' கேள். ஜில் க்ரூ என்ற கியூபெக் இயக்குநருக்காக 1964 ஜூன் 24 அன்று வாசித்தது. 37 நிமிடத்தில் படத்தில் வந்தது சுமார் பத்து நிமிடம்தான். மிச்சம் 2019 வரை கிடந்தது. 'வில்லேஜ் ப்ளூஸ்' மூன்று டேக் இருக்கிறது. மேலே சொன்ன எட்டு பார் சோதனையை அதில் பழகு.

தட்டில் வெள்ளைப் பூஞ்சை என்றாய். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் (ஆசிட் இல்லாதது) ஒரு லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மென்மையான துணி. ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்த கோட்டுப்பாலை வெட்டின வழியே உரிப்பதுபோல் பள்ளத்தின் வழியே துடை, குறுக்கே தேய்க்காதே. பிறகு வெறும் வடிநீரால் இன்னொரு முறை. 78 சுற்று அரக்குத் தட்டில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

தீபாவளிக்கு வரும்போது அந்தத் தட்டைப் பஸ்ஸின் அடியில் சாமானோடு போடாதே, வெயிலில் வளைந்துவிடும். மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வா. அதற்குள் திருத்திய துண்டை வேவ் கோப்பாக அனுப்பு. வாட்ஸ்அப் குரல் செய்தியில் சிம்பல் சத்தமே வராது.

அன்புடன்,
அம்மா