ஆயா பாடிய பாட்டு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷனால்தான் பதில் தாமதம் என்றால் நீ விடமாட்டாய், "காலாலயா எழுதறே?" என்பாய். உண்மை என்னவென்றால் எனக்கு யார் மீதும் எதன் மீதும் ஒரே எரிச்சல். தினமும் காலையில் பிசியோதெரபிக்கு ஒரு பெண் வருகிறாள். "இன்னும் கொஞ்சம் மடக்குங்க பாட்டி" என்பாள். அந்தக் கொஞ்சத்துக்குள் எனக்கு உயிர் போய் வரும். அவளைத் திட்டாத நாள் கிடையாது. பாவம், சிரித்துக்கொண்டே மறுநாளும் வருகிறாள்.

பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். மத்தியானம் எனக்குப் புத்தகம் படித்துக் காட்டுவது அவள் வேலை. இந்த முறை 'தி சீக்ரெட் கார்டன்'. பிரான்செஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் 1911இல் எழுதியது. ஹாஸ்டலில் நாம் இருவரும் முறை வைத்துப் படித்தோமே, நினைவிருக்கிறதா? அப்போது எனக்குப் பூட்டிய தோட்டமும், மண்ணுக்குள் கிடந்த சாவியைக் காட்டிக்கொடுத்த குருவியும்தான் பெரிதாகத் தெரிந்தன. இப்போது வேறு ஏதேதோ கண்ணில் படுகிறது.

கதாநாயகி மேரி நல்ல பெண்ணே இல்லை, கமலா. இந்தியாவில் வெள்ளைக்காரத் துரை வீட்டில் பிறந்து, ஆயாவை அடித்து, "பன்றி" என்று திட்டி வளர்ந்த சிடுமூஞ்சி. காலராவில் அப்பா, அம்மா, ஆயா எல்லோரும் போன பிறகு இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் மாமா வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே காலின் என்று இன்னொரு பிள்ளை. பத்து வயது. முதுகில் கூன் விழும், சீக்கிரம் செத்துப்போவோம் என்று நம்பிக்கொண்டு படுக்கையை விட்டு எழாதவன். ஒரு ராத்திரி அவன் வீறிட்டுக் கத்த, வீடே நடுங்குகிறது. மேரி தடதடவென்று ஓடிப்போய் அவனை விடப் பெரிதாகக் கத்துகிறாள். நர்ஸை விட்டு முதுகைத் திறந்து காட்டச் சொல்லி, ஒரு குண்டூசி அளவு கட்டிகூட இல்லை என்று அடித்துச் சொல்கிறாள். பிறகு தோட்டத்தில் அவன் முதன்முதலாக எழுந்து நிற்பதும் கோபத்தில்தான். கிழட்டுத் தோட்டக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, கால் கோணலா என்று கேட்டுவிடுகிறார். அந்த ரோஷத்தில் நிற்கிறான்! இரண்டு பேரும் திடீரென்று சாதுவாகிவிடவில்லை, அந்தச் சிடுசிடுப்போடேயே தேறுகிறார்கள். அதனால்தான் நம்ப முடிகிறது. மறுநாள் பிசியோதெரபிப் பெண்ணைத் திட்டும்போது எனக்குக் குற்ற உணர்ச்சி கொஞ்சம் குறைந்தது.

ஆனால் பிற்பாதியில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. காலினுக்கு உண்மையில் நோயே இல்லை. அதனால்தான் மண்ணைக் கொத்தி, நல்ல காற்றை வாங்கி, "நான் வாழ்வேன்" என்று சொல்லி எழுந்து ஓட முடிகிறது. நிஜமாகவே கால் வராத பிள்ளை இதைப் படித்தால் என்ன நினைக்கும்? எனக்கு உன் தம்பி ஞாபகம்தான் வந்தது. காலைத் தாங்கும் இரும்புக் காலிபர் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பானே, போகிறவர் வருகிறவரெல்லாம் "மனசு வெச்சா நடந்துடலாம்டா" என்பார்கள். அவன் ஒருநாள் "மனசெல்லாம் வெச்சாச்சு மாமா, நீங்க கெளம்புங்க" என்றானே! அவனிடம் இந்தக் கதையைச் சொல்லி, என்ன சொல்கிறான் என்று எழுது. போதாக்குறைக்குக் கடைசி அத்தியாயங்களில் மேரி ஓரமாகப் போய்விடுகிறாள். தோட்டத்தைக் கண்டுபிடித்தவள் அவள், பேர் அவனுக்கு.

ஆனாலும் பர்னெட்டை ரொம்பத் திட்ட மனம் வரவில்லை. அவருடைய மூத்த மகன் லயனல் 1890இல் காசநோயில் இறந்தான். பதினாறு வயது. இருபது வருஷம் கழித்து, படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு பையனை எழுந்து ஓட வைக்கிறாள் ஒரு தாய். அங்கே போய் நியாயம் பேச எனக்கு வாய் வராது.

இதையெல்லாம் விட ஒரு விஷயம். சின்ன வயதில் நாம் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. காலினும் மேரியும் சந்திக்கும் முதல் ராத்திரி, அவனுக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஆயா செய்வதைச் செய்கிறேன் என்று சொல்லி, மேரி அவன் கையைத் தட்டித் தடவிக்கொடுத்து, தணிந்த குரலில் ஒரு இந்துஸ்தானிப் பாட்டுப் பாடுகிறாள். அவன் தூங்கிப்போகிறான். கதை முழுக்க இந்தியா என்றால் வெக்கை, சோர்வு, மஞ்சள் முகம். யார்க்‌ஷயர் காற்று பட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பையனுக்குக் கிடைத்த முதல் மருந்து, செத்தபோது மேரிகூட அழாத ஒரு ஆயாவின் கைப்பழக்கம். எழுதியவரே அதைக் கவனித்தாரோ இல்லையோ.

பேத்தி அங்கேயே நிறுத்திவிட்டு, "அது என்ன பாட்டு பாட்டி?" என்றாள். புத்தகத்தில் இல்லை. சரி, நீ ஒன்று பாடு என்று பிடித்துக்கொண்டாள். எனக்கு வாயில் வந்தது, ஹாஸ்டலில் எனக்கு டைபாய்டு வந்தபோது நீ பக்கத்தில் உட்கார்ந்து பாடினாயே, உங்கள் அப்பத்தாவின் தாலாட்டு. முதல் இரண்டு வரிதான் வந்தது. மாமன் சீர் கொண்டு வருகிற இடத்துக்கு மேல் ஒன்றும் நினைவில்லை. அவளோ தினமும் கேட்கிறாள். மீதியை எழுதி அனுப்புடி. ராகம் ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
ராஜி