செயற்கைக்கோளின் மேல் பழி போடாதீர்கள்: டிஷ் இணைய இணைப்பு குறித்த புகார்

அனுப்புநர்
வாடிக்கையாளர் (ஆன்லைன் சென்டர் உரிமையாளர்),
வால்பாறை வட்டம், கோவை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
செயற்கைக்கோள் இணையச் சேவை, தலைமை அலுவலகம்.

பொருள்: மே மாதம் பொருத்திய டிஷ் இணைப்பு ஜூன் முதல் சரிவர வேலை செய்யாதது, முறையாக மறுபடி பொருத்தித் தரவும் கட்டணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் எஸ்டேட் பகுதி ஒன்றில் ஆன்லைன் சென்டர் நடத்துகிறேன். எங்கள் பக்கம் ஃபைபர் கேபிள் இன்னும் வரவில்லை. மழைக்காலத்தில் செல்போன் டவரும் பாதி நாள் படுத்துவிடும். அதனால்தான் உங்கள் விற்பனைப் பிரதிநிதி வந்து, இஸ்ரோவின் ஜிசாட்-11 செயற்கைக்கோள் வழியாக இணைப்புத் தருகிறோம் என்றதும் முன்பணம் கட்டினேன். மே மாதம் டிஷ் வைத்தார்கள், நன்றாகவே ஓடியது. தென்மேற்குப் பருவமழை இறங்கியதிலிருந்து நிம்மதியாக வேலை நடக்கவில்லை.

உங்கள் உதவி மையத்தைக் கூப்பிட்டால் கடைசியில் வந்து நிற்கிற பதில் ஒன்றுதான்: "சாட்டிலைட் பிராப்ளம் சார், நம்ம கையில இல்ல." இதை நான் ஏற்கவில்லை. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

இந்த டிஷ் வாங்கும் கேயூ பேண்ட் அலைவரிசையில் மழை வந்தால் சிக்னல் குறையும் என்பது எனக்குத் தெரியும். தென்னிந்தியாவில் மிக அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு எங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது. அடைமழையில் கொஞ்ச நேரம் இணைப்புப் போனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. நாம் அனுப்புவது மேலே போய் இறங்கி, பதிலும் அதே மாதிரி வந்து சேர அரை விநாடி ஆகத்தான் செய்யும். அதுவும் குறையில்லை. ("ஃபைபர் மாதிரியே இருக்கும்" என்று உங்கள் பிரதிநிதி சொன்னது உண்மையில்லை. இனி யாரிடமும் அப்படிச் சொல்லி விற்காதீர்கள்.) ஆனால் எங்களுக்கு லேசான தூறலிலேயே இணைப்பு அறுந்துபோகிறது. வானம் வெளுத்து வெயில் அடிக்கும்போதும் மோடம் காட்டும் சிக்னல் அளவு, மே மாதம் இருந்த இடத்துக்குத் திரும்புவதில்லை. மழைதான் காரணம் என்றால் மழை விட்டதும் சரியாகியிருக்க வேண்டும் அல்லவா?

இதைச் சொன்னதும் ஒரு டெக்னீஷியனை அனுப்பினீர்கள். அவர் மொட்டை மாடியில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரம் மறைக்கிறது, வெட்டினால்தான் தீரும் என்றார். ஜிசாட்-11 இருப்பது 74 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். வால்பாறையிலிருந்து பார்த்தால் தெற்கே சற்று மேற்காக, 77 டிகிரி ஏற்றத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கிறது. அந்த மரம் டிஷ்ஷிலிருந்து 40 அடி தள்ளி நிற்கிறது. அது மறைக்க வேண்டுமென்றால் டிஷ் மட்டத்துக்கு மேல் 170 அடி உயர வேண்டும். அதில் கால்வாசிகூட இல்லை. ஒரு நல்ல மரத்தை வெட்டச் சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

அவரை அப்படியே இறங்கவிடாமல், டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கருவியில் கேபிள் சேரும் கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். திருகியதும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. நடுவில் இருக்கும் செம்புக் கம்பி பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. மழைத் தண்ணீர் புகாமல் இருக்கச் சுற்ற வேண்டிய சீலிங் டேப் பொருத்திய அன்றே சுற்றப்படவில்லை. அவர் கம்பியைத் துணியால் துடைத்து, கரண்ட் வேலைக்குப் போடும் சாதாரண டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, சர்வீஸ் ரிப்போர்ட்டில் "வானிலை காரணம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்க வந்தார். நான் போடவில்லை. இரண்டு நாள் சிக்னல் ஏறியது, அப்புறம் பழைய கதைதான்.

அடுத்து ஜூலையில், இரவு ஏழு மணிக்கு இணைப்பு நின்றபோது "சன் அவுட்டேஜ்" என்றார்கள். அதாவது, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து அதன் சிக்னலை அமுக்கிவிடுவது. அது நடப்பது மார்ச், செப்டம்பர் – அக்டோபர் வாக்கில்தான். அதுவும் சில நாட்கள், நாளுக்குச் சில நிமிடங்கள், பகல் வெளிச்சத்தில். ஜூலை இரவில் அது நடக்க வழியே இல்லை.

மாலை நேரத்தில் வேறொரு தொல்லை. சிக்னல் அளவு மாறாமல் இருக்கும், வேகம் மட்டும் அடிமட்டத்துக்குப் போகும். விடியற்காலையில் அதே சிக்னலில் முழு வேகம் கிடைக்கிறது. இது நெரிசல் என்று யாருக்கும் புரியும். ஜிசாட்-11-இன் மொத்தத் திறன் நொடிக்கு 16 ஜிகாபிட். பயனாளர்களுக்கான கற்றைகள் (ஒவ்வொன்றும் ஒரு பகுதியை நோக்கி அனுப்பும் அலைக்கற்றை) 32. சராசரியாக ஒரு கற்றைக்கு 500 மெகாபிட். அதில் நீங்கள் எடுத்திருக்கும் பங்கு எவ்வளவு, அந்தப் பங்கில் எத்தனை இணைப்புகளை ஏற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை.

இந்தச் செயற்கைக்கோளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018-இல் இஸ்ரோவின் இன்னொரு செயற்கைக்கோளான ஜிசாட்-6ஏ ஏவப்பட்ட சில நாட்களிலேயே தொடர்பு அறுந்தது. அப்போது ஜிசாட்-11 ஏவுவதற்காகப் பிரெஞ்சு கயானாவுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. இஸ்ரோ அதைத் திரும்பப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, மறுபடி சோதித்துத் திருப்தியான பிறகே அந்த ஆண்டு டிசம்பர் 5-இல் ஏரியான்-5 ராக்கெட்டில் அனுப்பியது. 5,854 கிலோ எடையுள்ள ஒன்றைக் கடல் கடந்து திருப்பி வரவழைத்துச் சரிபார்த்தார்கள். அதன் பெயரைச் சொல்லி வியாபாரம் செய்யும் நீங்கள், கனெக்டரில் ஒரு டேப் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

இதனால் பாதிக்கப்படுவது நான் மட்டுமில்லை. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்கள் பி.எஃப். ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று பதிய என்னிடம் வருகிறார்கள். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். எண்ணெய் தடவி, துடைத்து, விரல் மாற்றி விரல் வைத்து, ஒருவழியாகக் கருவி ரேகையை எடுக்கும். அந்த நேரம் பார்த்து இணைப்புப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. அந்த அம்மாக்கள் அரைநாள் கூலியை இழந்து வரும் மகளையோ மருமகளையோ துணைக்கு அழைத்துக்கொண்டு வருகிறவர்கள். அவர்களிடம் "சாட்டிலைட் பிராப்ளம்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே, கேபிளையும் கனெக்டர்களையும் புதிதாக மாற்றி, முறையாக சீல் செய்து, டிஷ்ஷை மறுபடி குறிபார்த்துப் பொருத்தித் தர வேண்டும். எங்கள் ஊர் மழைக்கு இப்போதைய டிஷ் போதாது என்றால் பெரிய டிஷ்ஷை உங்கள் செலவில் வைக்க வேண்டும். ஜூன் முதல் நான் கட்டிய மாதக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். மாலை நெரிசல் பற்றிய என் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

15 நாட்களுக்குள் நடவடிக்கை இல்லையென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி உங்கள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவேன். அங்கேயும் தீராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன்.

களிம்பு ஏறிய கனெக்டரின் படம், மோடம் சிக்னல் பதிவுகள், காலை – மாலை வேகச் சோதனைப் படங்கள், நான் கையெழுத்துப் போடாத சர்வீஸ் ரிப்போர்ட்டின் நகல், கட்டண ரசீதுகள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வால்பாறை.