கூடி அமர ஓர் அறை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தியானத்தைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். அமரும் முறை, மூச்சைக் கவனிக்கும் முறை, கைப்பேசிச் செயலிகள் எனப் பயனுள்ள செய்திகள் அதில் பல இருந்தன. ஆனால், கட்டுரை முழுவதிலும் தியானம் என்பது ஒருவர் தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே செய்துகொள்ளும் காரியமாகவே காட்டப்பட்டிருந்தது. ஆறு ஆண்டுகளாக நாகர்கோவிலில் ஒரு சிறு பௌத்தத் தியானக் குழுவோடு வாரந்தோறும் அமர்ந்துவருபவன் என்ற முறையில், அக்கட்டுரை விட்டுவிட்ட ஒன்றைப் பற்றி, அதாவது கூடுவதைப் பற்றி, எழுத விரும்புகிறேன். ஒரு வேண்டுகோளும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் குழு வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் வகுத்த முறையைப் பின்பற்றுகிறது. 1926இல் பிறந்த அவர், போர் வேண்டாம் என்று பேசியதற்காக 1966 முதல் 39 ஆண்டுகள் தாய்நாட்டுக்குத் திரும்ப முடியாமல் வெளிநாட்டில் வாழ்ந்தவர். மார்ட்டின் லூதர் கிங் 1967இல் அவரை அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1982இல் தென்மேற்குப் பிரான்சில் அவர் தொடங்கிய பிளம் வில்லேஜ் மடாலயத்தின் வழக்கங்களே பல நாடுகளில் இயங்கும் சிறு குழுக்களின் வழக்கங்களாகவும் ஆயின. 2022 ஜனவரியில், தாம் இளம் வயதில் துறவு பூண்ட, வியட்நாமின் ஹுவே நகரக் கோவிலிலேயே அவர் மறைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை மணிக்கு ஓர் உறுப்பினரின் வீட்டு மாடியில் கூடுகிறோம். எண்ணிக்கை பத்தைத் தாண்டுவது அரிது. மணியை 'அடிப்பது' என்று நாங்கள் சொல்வதில்லை, 'அழைப்பது' என்றே சொல்வோம். மணியை அழைத்த பின் இருபது நிமிடம் அமர்வு. பிறகு கீழே தென்னைகளுக்கு நடுவில், ஒவ்வோர் அடியையும் உணர்ந்தபடி மெதுவாக ஒரு நடை. பிறகு ஒரு பக்கம் வாசிப்பு. மாதத்திற்கு ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறன்று, ஐந்து பயிற்சிகளைச் சேர்ந்து வாசிப்போம். கொல்லாமை, கள்ளாமை, காமத்தில் பிழையாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என நாம் அறிந்த பழைய பஞ்சசீலம்தான் அது. ஐந்தாவதில் மதுவோடு, மனத்தைக் கெடுக்கும் காட்சிகளையும் பேச்சுகளையும் சேர்த்துத் திக் நியட் ஹான் விரித்து எழுதியிருக்கிறார்.

அதன்பின் வரும் பகிர்வு நேரத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பேச விரும்புபவர் கைகூப்புவார், மற்றவர்களும் கைகூப்புவார்கள், அவர் பேசி முடித்து மீண்டும் கைகூப்பும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. அறிவுரை சொல்லக் கூடாது, அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகவும் கூடாது. நம் ஊரில் ஒருவர் துயரத்தைச் சொல்லும்போது அறிவுரை கூறாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அஞ்சலகக் கவுண்டருக்குப் பின்னால் 34 ஆண்டுகள் அமர்ந்து, மணியார்டர் படிவத்தை நிரப்புவது முதல் மகனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பது வரை எல்லாருக்கும் வழிசொல்லிப் பழகிய எனக்கு, முதல் ஆறு மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிய தியானமாக இருந்தது.

தனியே செய்துபார்க்காதவன் அல்லன் நான். என் மனைவி காலமான ஆண்டில், யாரோ கொடுத்த புத்தகத்தைப் பார்த்து விடியற்காலையில் எழுந்து அமரத் தொடங்கினேன். பதினோரு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் மழை, பதின்மூன்றாம் நாள் தலைவலி, அதோடு நின்றுபோயிற்று. இப்போதும் மழையும் தலைவலியும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால், மாடியில் எட்டுப் பாய்களை விரித்துவிட்டு ஒன்பதாவது பாயை எனக்காகச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பார்களே என்ற நினைப்பு என்னைக் குடையை எடுக்க வைத்துவிடுகிறது. மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கிய புலி மனிதர் கையில் சிக்கும், சங்கத்தை, அதாவது கூடிப் பயிலும் குழுவை, விட்டு விலகியவரின் பயிற்சியும் அப்படியே போய்விடும் என்று தங்கள் நாட்டில் சொல்வதுண்டு எனத் திக் நியட் ஹான் அடிக்கடி குறிப்பிடுவார். சில ஆண்டுகளுக்கு முன் சிற்றாறு ரப்பர்த் தோட்டப் பகுதிக்கு இறங்கி வனத்துறையினரிடம் சிக்கிய புலியை அறிந்த நம் மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்ததும் அன்று. நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்று புத்தரின் சீடர் ஆனந்தர் சொன்னபோது, அப்படிச் சொல்லாதே, அதுவே அறவாழ்வு முழுவதும் என்று புத்தர் திருத்தியதாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. குறித்த நாளில் கூடும் வழக்கத்தின் தொடக்கமோ இன்னும் சுவையானது. பிற சமயத்தார் பட்சத்தின் எட்டாம், பதினான்காம், பதினைந்தாம் நாள்களில் கூடுவதால் மக்கள் அவர்களிடம் ஈடுபாடு கொள்வதைக் கண்ட மகத மன்னன் பிம்பிசாரன், பௌத்தத் துறவியரும் அவ்வாறு கூடலாமே என்று கேட்டுக்கொண்டானாம். துறவிகள் கூடினார்கள்; கூடி, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அறவுரை கேட்க வந்த மக்கள், 'ஊமைப் பன்றிகளைப் போல உட்கார்ந்திருக்கிறார்களே' என்று குறைப்பட்டுக்கொள்ள, அதன்பின்பே கூடும் நாள்களில் அறம் உரைக்கப் புத்தர் அனுமதித்தார் என்கிறது துறவியர் ஒழுக்கத்தைக் கூறும் விநய பிடகம். எங்கள் மாடியைப் பார்த்து அண்டை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று கூச்சப்படும் புதியவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

தவறாமல் கூடுவது என்றால் எல்லாரும் எல்லா வாரமும் வந்தாக வேண்டும் என்று பொருளில்லை. குளச்சலிலிருந்து வரும் விசைப்படகுத் தொழிலாளி ஒருவரை, மேற்குக் கடற்பகுதியில் மீன்பிடித் தடை இருக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான் தொடர்ந்து பார்க்க முடியும். மற்ற மாதங்களில் அவருடைய பாய் வெறுமையாகவே விரிந்திருக்கும். கடலில் இருக்கும்போது, ஞாயிறு மாலை நான்கரை ஆனதும் நீங்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன் என்று அவர் ஒருமுறை சொன்னார்.

எங்களுக்குள் எல்லாம் இணக்கமாகவே போகிறது என்று நான் சொல்ல வரவில்லை. 'மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் சாதி போய்விடுமா?' என்று ஓர் இளைஞர் கேட்டார். அயோத்திதாசர் 1898இல் சென்னையில் பௌத்த சங்கம் தொடங்கியதும், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவியதும் மன அமைதிக்காக மட்டுமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. திக் நியட் ஹான் 1960களில் இளைஞர்களைத் திரட்டிக் குண்டுவீச்சில் அழிந்த கிராமங்களைத் திரும்பக் கட்ட அனுப்பியவர் என்று பதில் சொன்னோம். அது வியட்நாம், இது நாஞ்சில் நாடு என்றார் அவர். அந்த விவாதம் முடியவில்லை. அவரும் வருவதை நிறுத்தவில்லை.

இனி வேண்டுகோளுக்கு வருகிறேன். மாடி வீட்டின் உரிமையாளர் வயது முதிர்ந்து மகளிடம் சென்றுவிட இருப்பதால், சென்ற ஆண்டு முதல் வேறு இடம் தேடிவருகிறோம். ஒரு சமுதாயக் கூடத்தின் அலுவலகத்தில் 'விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த அனுமதி வேண்டி' என்று தலைப்பிட்டு மனு கொடுத்தோம். வாங்கிப் பார்த்த அலுவலர், 'எதற்கான விழிப்புணர்வு? டெங்குவா, போதைப்பொருளா?' என்று அக்கறையோடுதான் கேட்டார். தவறு எங்களுடையது. மூச்சையும் மனத்தையும் மறவாமல் கவனிக்கும் பயிற்சியைத்தான் 'விழிப்புணர்வு' என்று எழுதியிருந்தோம். புத்தர் சொன்ன எண்வகை நெறியில் அதைக் குறிக்கும் 'சதி' என்ற பாலிச் சொல்லுக்கு நினைவு என்று பொருள். அதை நம் முன்னோர் நற்கடைப்பிடி என்று தமிழாக்கினர். கடைப்பிடி என்றால் கொண்டதை மறவாமை. இவ்வளவு பொருத்தமான சொல்லை விட்டுவிட்டு, ஊர்வலத்துக்கும் துண்டறிக்கைக்கும் உரிய சொல்லை எழுதியிருந்தோம்.

ஆனால், விளக்கத் தொடங்கிப் புத்தர் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. 'மதம் மாற்றுகிற கூட்டமா?' என்றார். இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பது எனக்குப் புரியாமலில்லை. எங்களில் இருவர் ஞாயிறு காலைத் திருப்பலிக்குச் சென்றுவிட்டு மாலையில் வருபவர்கள், ஒருவர் தம் ஊரிலுள்ள அய்யாவழி வழிபாட்டிடமான நிழல் தாங்கலில் பணிவிடை செய்பவர், அவரவர் மரபின் வேரை அறுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்ன திக் நியட் ஹான் தம் குடிலின் பீடத்தில் புத்தரோடு இயேசுவின் உருவத்தையும் வைத்திருந்தவர் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தோம். அமுதசுரபியை முதலில் ஏந்திய ஆபுத்திரனின் தாய் வாரணாசியிலிருந்து குமரியில் நீராட வந்தவள் என்று மணிமேகலை கூறுவதையும் சேர்க்க நினைத்தேன். மனுவோடு நிற்பவன் காப்பியம் பேசக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அனுமதி கிடைக்கவில்லை.

வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துபவர்கள் நாம். நூலகங்களில் வாசகர் வட்டங்கள் கூடுவதைப் போல, ஓசையின்றி அமரும் குழு எந்தச் சமயத்தைச் சார்ந்ததாயினும், சமயமே சாராததாயினும், வாரத்தில் ஒன்றரை மணி நேரம் ஓர் அறையைப் பயன்படுத்திக்கொள்ள மாவட்ட நூலக ஆணைக்குழுவும் உள்ளாட்சி அமைப்புகளும் ஒரு பொதுவிதி வகுக்க வேண்டும். கட்டணம் வாங்கும் குழுக்களுக்கு மறுத்துவிடலாம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. தங்கள் நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியிலும் இத்தகைய கூடுகைகளுக்கு இரண்டு வரி ஒதுக்க வேண்டுகிறேன். ஒலிபெருக்கியோ மின்விசிறியோ எங்களுக்கு வேண்டாம். பாய்களையும் உள்ளங்கை அளவிலான மணியையும் நாங்களே கொண்டுவருவோம். முடிந்ததும் அறையைப் பெருக்கிச் சாவியை ஒப்படைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
பார்வதிபுரம், நாகர்கோவில்.