விரதத்தில் விட முடிந்த சிகரெட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிகரெட்டை விட முடியாதவருக்கு மனவுறுதி இல்லை என்று நம் வீடுகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 22 ஆண்டுகள் புகைத்தவன் என்ற முறையில் இதை நான் மறுக்கிறேன். தைப்பூசக் காவடிக்காக விரதம் இருக்கும் நாட்களில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத எத்தனையோ பேர், விரதம் முடிந்த கையோடு மீண்டும் பற்றவைப்பதை இங்கே டர்பனில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை, கொரோனா ஊரடங்கின்போது, நம் தென்னாப்பிரிக்காவில் சிகரெட் விற்பனை தடைசெய்யப்பட்டிருந்தபோது, பல மடங்கு விலை கொடுத்து ஒற்றைச் சிகரெட்டாக வாங்கினேன். வேலை நிலைக்குமா, அம்மாவுக்கு நோய் தொற்றிவிடுமா என்ற பயம் எழும்போதெல்லாம் கொல்லைப்புறத்தில் துணிக்கொடியருகே போய் நின்றுகொள்வேன். அம்மா இறந்த அன்றும் அழுகை தொண்டைவரை வந்தது; அழாமல் பற்றவைத்தேன்.

இழுத்த சில விநாடிகளில் மூளையை எட்டும் நிக்கோட்டின், ஏறத்தாழ 2 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அப்போது தலைதூக்கும் எரிச்சலையும் படபடப்பையும் அடுத்த சிகரெட் தணிப்பதால், நம் கவலையையே அது தீர்த்துவைத்ததாக நம்பிவிடுகிறோம். உண்மை வேறு. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரை, தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிடுகையில், விட்டவர்களுக்கே பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததாகக் காட்டுகிறது.

ஆனால் முதல் சில நாட்கள் கடுமையானவை. மருத்துவர் தந்த, தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை எனக்கு உதவியது. அதைவிட உதவியது, எழுந்து வெளியே போகவிருந்த என்னிடம் என் மனைவி கேட்ட கேள்வி: "என்னங்க செய்யுது உங்களுக்கு?" நெஞ்சை அடைக்கிறது, அம்மா நினைவாகவே இருக்கிறது என்றேன். அவர் வேறெதுவும் கேட்காமல் அருகில் உட்கார்ந்துகொண்டார். புகைக்கும் தவிப்பு ஐந்தாறு நிமிடங்களில் இறங்கிவிட்டது. அழுகை ஓய வெகுநேரமாயிற்று.

விரத நாட்களில் பஜனையும் கூட்டமும் நம்மைத் தாங்குகின்றன. முடிந்த மறுநாள் அவரவர் கலக்கத்தோடு தனியாகிவிடுகிறோம். ஆகவே கோயில் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இது: காவடி முடிந்த அந்த வாரத்திலேயே, புகையை விட விரும்புவோர் மனம்விட்டுப் பேசவும், தேவைப்பட்டால் அழவும், ஒரு மாலைநேரத்தையும் ஓர் அறையையும் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்